ஜப்பானிய அசைவோவியத் தொடர்களும் உரிப்பொருள் ஒப்புமையும்

வகுப்பு முடிந்து வெளியேறும் வேளையில், அண்மைக் காலமாக மாணவர் சிலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்புகின்றனர். "ஐயா, இந்தத் தொடரைப் பார்த்து முடித்துவிட்டேன். இதைப் போல வேறு எதைப் பார்க்கலாம்?" என்பதே அவ்வினா. தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தொடங்கிய பழக்கம் நம்மை ஜப்பானிய அசைவோவியத் தொடர்களின்பால் ஈர்த்துவிட்டது. அச்செய்தி எவ்வாறோ மாணவரிடையே பரவியும்விட்டது. ஆகவே விடை கூறும் கடப்பாடு நம்மைச் சேர்ந்தது. விடை கூறப் புகுந்தபோதுதான், வினாவில் உள்ள 'இதைப் போல' என்னும் சொல் எத்துணைச் சிக்கலானது என்பதை உணர்ந்தோம். எதைப் போல? எவ்வகையில் போல? உவமவியல் கற்பிக்கும் நமக்கு இவ்வினா புதியதன்று. எனினும் விடையில் பிழைபட்டோம். அப்பிழையையும் அதிலிருந்து கற்றதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'அனிமே' என்பது 'அனிமேஷன்' என்னும் சொல்லை ஜப்பானியர் சுருக்கி வழங்கும் வடிவம். அவர்களுக்கு அச்சொல் எந்நாட்டு அசைவோவியத்தையும் குறிக்கும். பிற நாட்டார் வழக்கில் ஜப்பானியப் படைப்புகளை மட்டும் குறிக்கலாயிற்று. 1963ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வரும் அரைமணி நேரத் தொடராகத் தொடங்கியது. அன்று அமைந்த அந்த வடிவம் இன்றளவும் பெரிதும் மாறவில்லை. தொடர்களுட் பல, 'மங்கா' எனப்படும் படக்கதைகளிலிருந்து உருவானவை. இன்று அவற்றுட் சில தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன.

இத்தொடர்களை வகைப்படுத்த ஜப்பானியர் சில பெயர்களைக் கையாள்கின்றனர். சிறுவர்க்குரியவை ஷோனென், சிறுமியர்க்குரியவை ஷோஜோ, வளர்ந்த ஆடவர்க்குரியவை செய்னென், வளர்ந்த மகளிர்க்குரியவை ஜோசெய். இவை கதையின் பொருளைக் குறிப்பன அல்ல. மூலக்கதை வெளிவந்த இதழ் எவ்வகை வாசகரை நோக்கியது என்பதைக் குறிப்பன. கடற்கொள்ளையர் கதையாகிய 'ஒன் பீஸ்' வெளிவரும் அதே சிறுவர் வார இதழில்தான், பெயரை எழுதியே மனிதரைக் கொல்லும் இளைஞனின் கதையாகிய 'டெத் நோட்' 2003 முதல் 2006 வரை வெளிவந்தது. வகைப்பெயரை மட்டும் நம்பினால் இவ்விரண்டும் ஒன்றாகிவிடும். இவற்றின் மேலும், பேரியந்திர மனிதர் வரின் 'மெக்கா' என்றும், மாயச் சிறுமியர் வரின் 'மஹோ ஷோஜோ' என்றும், நாயகன் வேற்றுலகிற் சென்று விழின் 'இசெகாய்' என்றும் பெயர்கள் உண்டு. தொடர்களை வழங்கும் நிறுவனங்களும், நண்பர்க்குப் பரிந்துரைக்கும் இளைஞரும் பெரும்பாலும் இப்பெயர்களின் வழியே செல்கின்றனர். இயந்திர மனிதர் கதை பிடித்ததா? இதோ இன்னொன்று. வாட்போர் பிடித்ததா? இதோ இன்னும் பத்து.

மூன்று பொருள்கள்

தொல்காப்பியம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஒரு நினைவு எழுதல் இயல்பு. அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் ஒழுக்கங்களும் அவற்றின் நிமித்தங்களும் உரிப்பொருள். முதலினும் கரு சிறந்தது, கருவினும் உரி சிறந்தது என்பது உரையாசிரியர் தரும் விளக்கம். உரிப்பொருள் அல்லாதவை ஒரு திணையிலிருந்து மற்றொன்றிற் சென்று மயங்கலாம் என்றும் நூற்பா இடம் தருகின்றது. குறிஞ்சிப் பறவை நெய்தற் பாட்டில் வரலாம். அதனால் அப்பாட்டு குறிஞ்சியாகிவிடாது.

(இன்றைய வழக்கில் ஒரு படைப்பின் மையக் கருத்தைக் 'கருப்பொருள்' என்றே எழுதுகிறோம். தொல்காப்பியர் வழக்கிற்கு இது நேர்மாறானது. மாணவர் தேர்வுத்தாளில் இரண்டையும் குழப்புவதற்கு இதுவே காரணம் என்பது நம் நெடுநாளைய மனக்குறை.)

அகப்பாட்டிற்கென அமைந்த இலக்கணத்தை ஜப்பானியத் தொடர்மேல் அப்படியே ஏற்றிவிட இயலாது. எனினும் அளவறிந்து பொருத்திப் பார்ப்பின் பயன் உண்டு. கதை நிகழும் காலமும் இடமும் முதற்பொருள். இயந்திர மனிதர், வாள், மாயக்கோல், பள்ளிச் சீருடை முதலியன கருப்பொருள். அக்கதை மாந்தரை எந்த மனநிலையில் நிறுத்தி வினவுகின்றதோ அதுவே உரிப்பொருள். பரிந்துரைப்போர் பெரும்பாலும் கருப்பொருளை ஒப்பிட்டு நின்றுவிடுகின்றனர். பார்ப்போரோ தம்மையறியாமல் உரிப்பொருளையே தேடுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியிற்றான் நம் பிழை நேர்ந்தது.

நாம் செய்த பிழை

நம் தமையனாரின் மகள் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. 'கார்ட்கேப்டர் சகுரா' என்னும் தொடரில் தோய்ந்திருந்தாள். 'கிளாம்ப்' என்னும் மகளிர் ஓவியக் குழுவினரின் படைப்பாகிய அது, 1998 முதல் 2000 வரை 70 பகுதிகளாக ஜப்பானில் ஒளிபரப்பானது. பத்து வயதுச் சிறுமி சகுரா, தன் வீட்டு நூலறையில் ஒரு பழைய நூலைத் திறக்க, அதிலிருந்த மாயச் சீட்டுகள் காற்றிற் பறந்து ஊரெங்கும் சிதறுகின்றன. அவற்றைத் தேடிச் சேர்ப்பதே கதை. தந்தை சமைக்கிறார், அண்ணன் கேலி செய்கிறான், தோழி ஒவ்வொரு வேட்டைக்கும் புதிய ஆடை தைத்துத் தருகிறாள். தீயவர் என்று சொல்லத்தக்க எவரும் அதில் இல்லை.

எழுபது பகுதிகளும் முடிந்தன. "சாச்சா, இதே மாதிரி இன்னொண்ணு போட்டுத் தாங்க" என்றாள் சிறுமி. மாயச் சிறுமியர், மென்மையான வண்ணங்கள், பேசும் சிறு விலங்கு ஆகிய அனைத்தும் பொருந்தியிருத்தலைக் கண்டு 'மடோக்கா மேஜிகா' என்னும் தொடரைப் போட்டுக் கொடுத்தோம். முதற்பகுதியின் சில நிமிடங்களே நாம் பார்த்திருந்தோம். மூன்றாம் பகுதியின் இறுதியில் குழந்தை அலறியபடி உம்மாவிடம் ஓடினாள். அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை என்று மறுநாள் மைனி தொலைபேசியில் கூறியபோது, நமக்கு மறுமொழி இல்லை.

2011ஆம் ஆண்டு வெளிவந்த 'மடோக்கா மேஜிகா' 12 பகுதிகளே கொண்டது. கென் உரோபுச்சி எழுத, அகியுகி ஷின்போ இயக்கியது. அதில் வரும் சிறு விலங்கு ஒவ்வொரு சிறுமியிடமும் வந்து, "உன் விருப்பம் ஒன்றை நிறைவேற்றுவேன், அதற்கு ஈடாக நீ மாயச் சிறுமியாக வேண்டும்" என்று ஒப்பந்தம் பேசுகின்றது. அவ்வொப்பந்தத்தின் முழு விலையை அது முன்னரே சொல்வதில்லை. கேட்டால், "நீ கேட்கவில்லையே" என்னும் பாங்கில் விடை தருகின்றது. விருப்பத்திற்கு மனிதர் கொடுக்கும் விலையே அதன் உரிப்பொருள். சகுராவின் கதைக்கும் இதற்கும் கருப்பொருள் மட்டுமே பொது. இரண்டிலும் மாயம் இருக்கிறது. ஒன்றில் அது குழந்தைப் பருவத்து அன்பின் உருவகம், மற்றதில் அது கடன்பத்திரம். (மாய மந்திரங்களை மார்க்கம் ஏற்பதில்லை என்பதை நம் மாணவர் அறிவர்; கதையின் மாயத்தை உவமையாகக் கொள்ளும் தெளிவு அவர்க்கு உண்டு என்பதனாலேயே இவற்றைப் பேசுகிறோம்.)

ஒன்பது வயதுக் குழந்தைக்குச் சொல்லியிருக்க வேண்டியது, மாயம் துளியும் இல்லாவிடினும் வீட்டன்பும் தோழமையும் நிறைந்த ஏதேனும் ஒன்று. அது அன்று நமக்குத் தோன்றவில்லை.

இயந்திர மனிதனும் சதுரங்கப் பலகையும்

இப்பிழைக்குப் பின்னும் நாம் திருந்திவிடவில்லை. முதுகலை மாணவர் ஒருவர் 'நியான் ஜெனிசிஸ் இவாஞ்சலியன்' போன்ற தொடரைக் கேட்டார். ஹிதெயாகி அன்னோ இயக்கிய அத்தொடர் 1995 அக்டோபர் முதல் 1996 மார்ச் வரை 26 பகுதிகளாக வெளிவந்தது. பேரியந்திர உருவங்களுள் அமர்ந்து பதினான்கு வயதுச் சிறார் போரிடும் கதையாதலின், அவ்வகையின் பெரும் முன்னோடியாகிய 'மொபைல் சூட் குண்டம்' தொடரைக் குறித்துக் கொடுத்தோம். 1979இல் தொடங்கிய அது முதல் ஒளிபரப்பில் போதிய வரவேற்புப் பெறாமல் 43 பகுதிகளோடு சுருக்கப்பட்டு, பின்னரே பெரும்புகழ் எய்தியது. விண்வெளிக் குடியேற்றம் ஒன்று விடுதலை கோரிப் பூமியோடு பொருதும் போர் அது. பகைவரிடத்தும் நல்லோர் உண்டென்று காட்டும் உயர்ந்த படைப்பு.

ஒரு வாரத்தில் மாணவர் திரும்பி வந்தார். "நல்லாத்தான் இருக்குங்க ஐயா. ஆனா நான் கேட்டது இது இல்லை" என்றார். அப்போதுதான் முதன்முறையாக, முன்னரே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டோம்: "முன்பு பார்த்ததில் எந்தக் காட்சி உங்கள் நினைவில் நிற்கிறது?" இயந்திரப் போர் ஒன்றையும் அவர் கூறவில்லை. பல்லாண்டுகளாகப் பாராமுகமாயிருந்த தந்தை அழைத்தார் என்று ஷின்ஜி வந்து நிற்கும் முதற்பகுதியைச் சொன்னார். மகனை அழைத்தது அன்பினால் அன்று, இயந்திரத்தில் ஏற்றுதற்கே என்பதை அறிந்ததும் அவன் முகம் மாறும் இடத்தைச் சொன்னார். பிறர் நெருங்கினால் அஞ்சுதலும் விலகினால் ஏங்குதலும் அத்தொடர் நெடுகிலும் உள்ளன. இறுதி இரு பகுதிகளில் போர் மறைந்து அவன் மனமே களமாகிவிடுகின்றது. அன்னோ தாம் மனச்சோர்வில் வாடிய காலத்தை ஒட்டி அத்தொடரை உருவாக்கினார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

அம்மாணவர்க்கு நாம் பின்னர்க் கூறிய தொடரில் இயந்திரமும் இல்லை, போரும் இல்லை. 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' என்பது அதன் பெயர். சிகா உமினோவின் படக்கதையைத் தழுவி 2016க்கும் 2018க்கும் இடையே இரு பருவங்களாக, மொத்தம் 44 பகுதிகள் வெளிவந்தன. 'ஷோகி' என்னும் ஜப்பானியச் சதுரங்கத்தில் பள்ளிப் பருவத்திலேயே தொழில்முறை ஆட்டக்காரனாகிவிட்ட ரேய் கிரியாமா என்னும் பதினேழு வயது இளைஞன் அதன் நாயகன். பெற்றோரையும் தங்கையையும் விபத்தில் இழந்தவன். தந்தையின் நண்பராகிய ஆட்டக்காரர் ஒருவர் வீட்டில் வளர்ந்தவன். அவ்வீட்டில் நிலைபெறுவதற்கு ஆட்டத்தில் வென்றாக வேண்டும். வென்றாலோ அவ்வீட்டுப் பிள்ளைகளின் இடத்தைப் பறித்தவனாகிறான். ஆகவே வெளியேறி, ஆற்றோரத்தில் திரைச்சீலையும் இல்லாத அறையொன்றில் தனியே வாழ்கிறான். ஆற்றின் அக்கரையில் மூன்று சகோதரியர் வாழும் வீடு இருக்கிறது. அவர்கள் அவனை அழைத்து உணவிடுகிறார்கள். கதை அவ்வளவே.

தந்தையின் ஆணைக்காக இயந்திரத்தில் ஏறும் ஷின்ஜியும், வளர்த்தவர் மகிழ்தற்காகக் காய் நகர்த்தும் ரேயும் உடன்பிறந்தார் போன்றவர். பயனுடையவனாக இருந்தால் மட்டுமே நேசிக்கப்படுவேன் என்னும் அச்சமே இருவர் உள்ளத்தையும் அரிக்கின்றது. ஆனால் முன்னது அவ்வச்சத்தில் மூழ்குகின்றது. பின்னது சோற்றுக் கிண்ணத்தை நீட்டுகின்றது. உரிப்பொருள் ஒன்றாயினும் செல்லும் திசை வேறு. இரண்டாம் பருவத்தில் நடுச் சகோதரி ஹினாதா, பள்ளியில் வதைக்கப்படும் தோழியின் பக்கம் நின்று தானும் வதைபடும் பகுதிகள், நாம் பார்த்தவற்றுள் மிகச் சிறந்தனவற்றுள் வைத்து எண்ணத்தக்கவை. இதன் இயக்குநரும் 'மடோக்கா மேஜிகா'வை இயக்கிய அதே ஷின்போ என்பது பின்னரே நமக்குத் தெரிய வந்தது. இயக்குநர் பெயரை ஒப்பிட்டுப் பரிந்துரைப்போர் எத்துணைத் தொலைவு தவறக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

வளர்த்த உயிரும் உண்ட உணவும்

இக்கட்டுரையில் நாம் மிக விரும்பிச் சொல்ல வந்த இணை இனி வருவது. ஹிரோமு அரகாவா என்னும் பெண் படைப்பாளி 2001 முதல் 2010 வரை எழுதி வரைந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' இருமுறை தொடராகியது. 2003இல் தொடங்கியது 51 பகுதிகள். மூலத்தை முழுமையாகத் தழுவி 2009இல் தொடங்கிய 'பிரதர்ஹுட்' 64 பகுதிகள். இறந்த தாயை இரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயலும் இரு சிறுவர். அம்முயற்சியில் மூத்தவன் எட்வர்ட் ஒரு கையையும் ஒரு காலையும் இழக்கிறான். இளையவன் அல்போன்ஸ் உடல் முழுவதையும் இழந்து, உயிர் மட்டும் ஓர் இரும்புக் கவசத்தில் கட்டுண்டு வாழ்கிறான். ஒன்றைப் பெற வேண்டின் அதற்கு நிகரான ஒன்றை ஈந்தாக வேண்டும் என்னும் சமமாற்று விதி கதை முழுதும் ஒலிக்கின்றது. 'மடோக்கா மேஜிகா'வின் உண்மையான உறவு இத்தொடரே. வளர்ந்தோர் இதனைப் பார்த்தபின் அதனைப் பார்க்கலாம்.

ஆயினும் விலை என்பது மட்டுமே இக்கதையின் பொருளன்று. உயிர் என்பது யாது, அதற்கு விலையிட இயலுமா என்பதும் பொருளாகும். சிறுவர் இருவரையும் அவர்தம் ஆசிரியை இசுமி ஒரு திங்கள் ஆளில்லாத் தீவில் விட்டுவிடுகிறார். பசியால் முயலைப் பிடித்துக் கொல்லத் தயங்கி, பின் உயிர் உயிரையுண்டு வாழ்தலையும், தாமும் அச்சுழற்சியில் ஒரு துளி என்பதையும் அவர்கள் உணர்கின்றனர். அந்த ஆசிரியையும் அவர் கணவரும் இறைச்சிக்கடை நடத்துபவர்கள். இதனைத் தற்செயலாகக் கருத இயலவில்லை. அரகாவா ஜப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்கைதோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். வேளாண் உயர்நிலைப் பள்ளியில் பயின்றவர். ஓவியராகுமுன் ஏழாண்டுகள் குடும்பப் பண்ணையில் உழைத்தவர்.

அவரே பின்னர்ப் படைத்தது 'சில்வர் ஸ்பூன்'. 2013, 2014 ஆண்டுகளில் இரு பருவங்களாக, பருவத்திற்கு 11 பகுதிகள் வீதம் வெளிவந்தது. இரசவாதமும் இல்லை, போரும் இல்லை. வீட்டாரின் தேர்வு நெருக்கடிக்கு அஞ்சி, நகரத்து மாணவன் ஹச்சிகென் ஹொக்கைதோவின் வேளாண் பள்ளியொன்றில் சேர்கிறான். அங்கே ஈற்றில் மிகச் சிறியதாய்ப் பிறந்து, பாலுண்ணவும் இடம் பெறாத ஒரு பன்றிக்குட்டியின்மேல் அவன் மனம் படிகின்றது. பெயர் வைக்காதே என்று தோழர் எச்சரிக்கின்றனர். அவனோ, இறைச்சிச் சோற்றின் பெயரையே அதற்கு இட்டு வளர்க்கிறான். விற்கும் நாள் வருகின்றது. அவன் ஓடவில்லை; ஒளிக்கவில்லை; கோடை விடுமுறையில் உழைத்து ஈட்டிய கூலியைக் கொடுத்து அதன் இறைச்சி முழுவதையும் வாங்குகிறான். அழுதுகொண்டே தோழரோடு உண்கிறான்.

நமக்கு விலக்கப்பட்ட விலங்காதலின் இக்கதையைச் சொல்லச் சற்றுத் தயங்கினோம். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் சில வாரங்கள் வீட்டில் ஆடு கட்டி வளர்த்த குடும்பங்களில் பிறந்த எவர்க்கும் இக்காட்சி அயலானதன்று. அதற்குத் தழை பறித்துப் போடுவது பிள்ளைகளின் வேலை. பெயர் வைக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதும், பிள்ளைகள் மறைவில் பெயர் வைப்பதும் ஆண்டுதோறும் நிகழ்வதே. பெருநாள் தொழுகை முடிந்து வாப்பா கத்தியோடு வரும்போது மாடியில் சென்று காதைப் பொத்திக்கொண்ட நினைவு நமக்கும் உண்டு. அன்று பகல் உணவைத் தொடாதிருந்த நம்மைப் பார்த்து, வாப்பா கடிந்துகொள்ளவில்லை. "மனசு வலிக்கணும், வலிச்சாத்தான் குர்பானி" என்று மட்டும் சொன்னார்கள். 'சில்வர் ஸ்பூன்' அந்த வலியைத்தான் பேசுகின்றது. அதன் நாயகன் பெறுவது விடையன்று. உண்ணும் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணிப் பார்க்கும் பழக்கம்.

இரசவாதிகளின் கதையைப் பார்த்து முடித்தோர்க்கு மற்றுமொரு சாகசக் கதையைக் காட்டுதல் எளிது. இப்பண்ணைக் கதையைக் காட்டினால் முதலில் முகம் சுளிப்பர். தீவில் முயலைக் கொல்லத் தயங்கிய காட்சியை நினைவூட்டி, நான்கு பகுதிகள் பொறுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒரே தொடர், இரு பார்வையாளர்

ஒரு படைப்பில் ஒரே உரிப்பொருள்தான் உண்டு என்பதும் இல்லை. 'டெத் நோட்' 2006-07இல் 37 பகுதிகளாக வந்தது. பெயர் எழுதினால் அப்பெயருக்குரியவர் இறக்கும் குறிப்பேடு, லைட் என்னும் மாணவன் கையில் கிடைக்கின்றது. குற்றவாளிகளை ஒழித்து நல்லுலகம் படைப்பதாக அவன் புறப்படுகிறான். எல் என்னும் துப்பறிவாளர் அவனைத் தேடுகிறார். இதனைப் பார்த்தோர் இருவகையினர். இரு கூர்மதியினரின் சூழ்ச்சிப் போரைச் சுவைத்தவர் ஒருவகை. அவர்க்கு அதே 2006இல் தொடங்கிய 'கோட் கியாஸ்' போதும். இறக்கத் தக்கவர் இவரென முடிவு செய்ய மனிதனுக்கு உரிமை ஏது என்று உறக்கம் கெட்டவர் மற்றொரு வகை. அவர்க்கு உரியது நவோகி உரசாவாவின் 'மான்ஸ்டர்'.

2004-05இல் 74 பகுதிகளாக வெளிவந்த அக்கதை, ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகர மருத்துவமனையில் தொடங்குகின்றது. ஜப்பானிய மூளை அறுவை மருத்துவர் தென்மா, மேலிடத்து ஆணைக்குப் பணிந்து, முதலில் வந்த துருக்கியத் தொழிலாளியை விட்டுப் புகழ்பெற்ற பாடகர் ஒருவர்க்கு அறுவை செய்கிறார். தொழிலாளி இறக்கிறார். அவர் மனைவி, குழந்தையோடு வந்து, முன்னதாக வந்தவர் தம் கணவரல்லவா என்று கேட்கும் கேள்விக்குத் தென்மாவிடம் விடையில்லை. அடுத்த முறை நகரத் தலைவரை விடுத்து, முன்னர் வந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார். பதவியும் மணவுறவும் போகின்றன. காப்பாற்றப்பட்ட சிறுவன் ஆண்டுகள் கழித்துக் கொலைகாரனாக எதிரே நிற்கிறான். எல்லா உயிரும் சமம் என்று கருதிக் காத்த உயிரை அவரே அழிக்கலாமா? லைட் என்பான் ஒரு நொடியில் கடந்து சென்ற வினாவை, தென்மா எழுபத்துநான்கு பகுதிகள் சுமந்து நடக்கிறார்.

'அட்டாக் ஆன் டைட்டன்' பற்றியும் மாணவர் மிகுதியாகக் கேட்கின்றனர். 2013 முதல் 2023 வரை நீண்ட அத்தொடரில் வெறுப்பு தலைமுறை தோறும் கைமாறும் விதம் உறுத்தியதாகச் சொல்வோர்க்கு 'வின்லேண்ட் சாகா'வின் இரு பருவங்களையும் கூறுகிறோம். தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கவே வளர்ந்த வைக்கிங் இளைஞன் தோர்ஃபின், 2023இல் வந்த இரண்டாம் பருவத்தில் அடிமையாகிக் காடு திருத்திக் கோதுமை விதைக்கிறான். சண்டை இல்லையே என்று சலித்துக் கொண்ட இரசிகர் பலர். நம் கருத்தில் அப்பருவமே சிறந்தது.

உரிப்பொருள் ஒத்தால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. வயது, மனநிலை, கிடைக்கும் நேரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். 'ஒன் பீஸ்' 2021இலேயே ஆயிரம் பகுதிகளைக் கடந்துவிட்டது. தேர்வுக்கு முந்திய மாதத்தில் அதனை எவர்க்கும் சொல்லுதல் தீங்கு. துயரின்மேல் துயரை அடுக்குவதும் தக்கதன்று. 1988 ஏப்ரலில் ஜிப்லி நிறுவனம், போரில் அநாதையான இரு குழந்தைகளின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தையும், காட்டுத் தெய்வத்தோடு விளையாடும் இரு குழந்தைகளின் 'மை நெய்பர் டோட்டோரோ' படத்தையும் ஒரே காட்சியில் இணைத்துத் திரையிட்டது. எது முன், எது பின் என்பதைப் பொறுத்து மக்கள் வீடு திரும்பிய மனநிலை முற்றிலும் வேறுபட்டிருக்கும்.

சென்ற ஆண்டு இளங்கலை மாணவர் ஒருவர் வந்தார். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' பார்த்து முடித்ததாகவும் அதைப் போல ஒன்று வேண்டும் என்றும் கேட்டார். பண்ணைக் கதை நாவின் நுனி வரை வந்துவிட்டது. பழக்கத்தால், எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது என்று வினவினோம். "அம்மாவைத் திரும்பக் கொண்டு வரப் பார்க்கிற இடம் ஐயா" என்றார். அவர் தாயார் மூன்று மாதங்களுக்கு முன் காலமானதை வருகைப்பதிவேட்டின் விடுப்புக் குறிப்பால் அறிந்திருந்தோம். அந்நேரம் அது நினைவில் இல்லை.

அவர்க்கு ஒத்த ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 2018இல் வந்த 'வயலட் எவர்கார்டன்', 13 பகுதிகள். போர்க்கருவியாகவே வளர்க்கப்பட்ட பெண்ணொருத்தி, போர் முடிந்தபின் பிறர்க்காகக் கடிதம் எழுதித் தரும் தொழிலில் சேர்ந்து, அன்பு என்னும் சொல்லின் பொருளைக் கற்கிறாள். அதன் பத்தாம் பகுதியில் நோயுற்ற தாய் ஒருத்தி ஏழு நாள்கள் அவளை வீட்டில் இருத்திக் கடிதங்கள் எழுதுவிக்கிறாள். அவை யாவும் தன் சிறுமகளின் இனிவரும் ஐம்பது பிறந்தநாள்களுக்கு, ஆண்டுக்கொன்றாகச் சென்று சேர வேண்டியவை. இறந்தவரைத் திரும்பப் பெற இயலாது என்பதை ஒரு தொடர் இரசவாதத்தால் சொல்ல, மற்றது அஞ்சலால் சொல்கின்றது. ஒப்புமை முழுமையானது, அதனாலேயே அஞ்சினோம். ஒன்பது வயதுக் குழந்தையின் அழுகை அன்று காதில் ஒலித்தது.

இரு நாள்கள் கழித்து அவரை அழைத்து, தொடரின் பெயரைச் சொல்லி, பத்தாம் பகுதியில் என்ன இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னோம். கதையை முன்னரே உரைத்தல் இரசிகர் நெறிப்படி பெருங்குற்றம், ஆயினும் சொன்னோம். பருவத் தேர்வு முடிந்த நாளில் அவரை நூலக வாயிலிற் கண்டோம். ஒன்பது பகுதிகள் பார்த்துவிட்டதாகவும், பத்தாவதைத் தங்கை ஊரிலிருந்து வந்ததும் அவளோடு சேர்ந்து பார்க்கப் போவதாகவும் கூறிச் சென்றார்.